கூத்துக் களரி முதல் கைத்திரை வரை

வரலாறு என்றவுடன் அரசர் பெயரும் போர்க்களமும் வரித்திட்டமுமே நம் நினைவுக்கு வருவன. பகலெல்லாம் வலையிழுத்தும் ஏரோட்டியும் களைத்த மக்கள் இரவில் எங்கே சென்று அமர்ந்தனர், யாருடன் அமர்ந்தனர், எதனைக் கண்டு நகைத்தனர், எதனைக் கேட்டு அழுதனர் என்னும் செய்திகளை வரலாறென எண்ணுவார் சிலரே. ஆயினும், ஒரு சமூகத்தின் ஒழுகலாற்றை அறிய விரும்புவார்க்கு அதன் பொழுதுபோக்கு ஒரு சிறந்த சான்றாகும். உழைப்பு வயிற்றின் பொருட்டுச் செய்யப்படுவது. பொழுதுபோக்கோ விரும்பிச் செய்யப்படுவது. விரும்பிச் செய்வதில் மனம் வெளிப்படும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கே, வங்கக்கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட நெம்மேலியையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் நினைவிற்கொண்டு, ஏறக்குறைய நூற்றிருபது ஆண்டுகளில் பொழுதுபோக்குக் கருவிகள் மாறிய வரலாற்றினை ஈண்டுச் சுருங்கக் கூற முற்படுகின்றோம். ஒவ்வொரு கருவியைக் குறித்தும் இரண்டு வினாக்களை எழுப்புவோம். அதனைக் காணவும் கேட்கவும் உரிமை பெற்றோர் யாவர்? காணும்போது உடனிருந்தோர் யாவர்? இவ்விரு வினாக்களுக்கும் கிடைக்கும் விடைகள் ஒரே திசையிற் செல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் கருத்து.

கூத்துக் களரி

தொண்டை மண்டலத்துச் சிற்றூர்களில் முன்னாளிற் பெரும் பொழுதுபோக்காக விளங்கியது பாரதக் கூத்து. திரௌபதியம்மன் திருவிழாவில் பகற்பொழுதில் பிரசங்கியார் பாரதம் படித்துப் பொருள் கூறுவார். அன்று படித்த கதையையே இரவிற் கூத்தர் ஆடிக் காட்டுவர். கட்டியங்காரன் முன்வந்து ஊராரை நகைப்பிப்பான். கட்டை எனப்படும் மர அணிகளைப் புயத்திலும் மார்பிலும் தலையிலும் பூண்ட வேடதாரி, திரைக்குப் பின்னின்று பாடிப் பின்னர் வெளிப்படுவார். முகவீணையும் மத்தளமும் தாளமும் பின்னணியாக விடியுமளவும் ஆட்டம் நடைபெறும். அர்ச்சுனன் தபசு நாளில் வேடதாரி உயர்ந்த தபசு மரத்தின்மீது ஏறுவதும், இறுதி நாளிற் படுகளத்தில் துரியோதனன் உருவத்தை மண்ணாற் பெரிதாகச் சமைப்பதும் வழக்கம்.

இக்கதைகள் மக்கள் உள்ளத்தில் எத்துணை ஆழமாகப் பதிந்தன என்பதற்கு மாமல்லபுரமே சான்று. ஏழாம் நூற்றாண்டிற் பல்லவர் குடைவித்த ஒற்றைக்கல் தளிகளுக்கும் பாண்டவர்க்கும் யாதொரு தொடர்பும் இல்லை. துர்க்கைக்கு எடுத்த தளியே திரௌபதி ரதம் என்று பெயர் பெற்று நிற்கின்றது. எனினும் இப்பகுதி மக்கள் கல்லைக் கண்டவிடத்தும் பாரதத்தையே கண்டனர். தருமராசன், வீமன், அர்ச்சுனன் என அவற்றுக்குப் பெயரிட்டழைத்தனர்.

கூத்துக்குரிய செலவினைத் தலைக்கட்டு வரியாக ஊரார் பகிர்ந்தளித்தனர். ஆதலின் எந்தக் கூத்தை ஆடுவிப்பது, எத்தனை இரவு ஆடுவிப்பது என்பன ஊர்ப்பொதுவில் முடிவு செய்யப்பட்டன. தூங்கும் குழந்தையை மடியிற் கிடத்திக்கொண்டு தாயரும், குந்தியிருந்து முதியோரும், முன்வரிசையிற் சிறுவரும் ஒரே கதையை ஒரே இரவிற் கண்டனர். மறுநாட் காலையில் வயலிலும் கடற்கரையிலும் அக்கதையே பேச்சாயிற்று.

இவ்வழகினைக் கூறுங்கால் அதன் குறையை மறைத்தல் வரலாறாகாது. ஊர் கூடியது என்கின்றோம். ஊர் முழுவதும் கூடியதோ? சேரியிலிருந்து வந்தோர் எட்ட நின்றே கண்டனர். முடி தரித்து ஆடும்போது அரசனாகப் போற்றப்பட்ட கூத்தர், முடி களைந்தபின் அப்பெருமையை இழந்தனர். பெண் வேடத்தை ஆடவரே புனைந்தனர். உடனிருத்தல் என்னும் பேறு மிகுதியாக இருந்த காலத்தில், உரிமை என்னும் பேறு சிலர்க்கே இருந்தது.

இசைத்தட்டு

1902ஆம் ஆண்டு கிராமபோன் கம்பெனியார் கல்கத்தாவில் இந்தியப் பாடகரின் குரலைப் பதிவு செய்யத் தொடங்கினர். கௌஹர் ஜான் என்னும் பாடகியின் குரல் அவற்றுள் முற்பட்டவற்றுள் ஒன்று. அத்தட்டுகள் அரக்கினால் இயன்றவை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்பவை. ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடமே பாட்டு அடங்கும். ஒரு நாழிகைக்கு மேல் இராகத்தை விரித்துப் பாடிய வித்துவான்கள், மூன்று நிமிடத்திற்குள் தம் கலையைச் சுருக்க வேண்டியவராயினர். கருவியானது கலையை ஏந்திச் செல்வதோடு அமையாது அதன் அளவையும் மாற்றிவிடும் என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

இதனினும் பெரிய மாறுதல் ஒன்று நிகழ்ந்தது. சங்கீதக் கச்சேரி அதுகாறும் கோயிலிலும், அரண்மனையிலும், செல்வர் மணப்பந்தரிலும், நகரத்துச் சபைகளிலும் நடந்துவந்தது. அவ்விடங்களுக்குள் நுழைய இயலாதார், பாட்டையும் கேட்க இயலாதாராயினர். தட்டு சுழன்ற தேநீர்க்கடையின் வாயிலில் நின்றவனோ, கிட்டப்பாவின் குரலையும் கே. பி. சுந்தராம்பாளின் குரலையும் எவர் அனுமதியுமின்றிக் கேட்டான். கேட்போனின் குலத்தை அறியும் ஆற்றல் ஊசிக்கு இல்லை.

டெண்டுக் கொட்டகை

அடுத்து வந்தது நிழற்படம். திருச்சிராப்பள்ளியில் இரயில்வே வரைவாளராகப் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்டு, 1905ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடமிருந்து படக்கருவியை விலைக்கு வாங்கி, கூடாரமடித்து ஊர் ஊராகப் படங்காட்டினார். 1914ஆம் ஆண்டிற் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான கொட்டகையை அவர் அமைத்தார். அதே ஆண்டிற் சென்னையில் இரகுபதி வெங்கையா கெயிட்டி கொட்டகையை எழுப்பினார். படங்கள் அக்காலத்திற் பேசா. ஆதலின் திரையருகே ஒருவர் நின்று கதையை எடுத்துரைப்பார். பகலிற் பாரதம் விரித்த பிரசங்கியாரின் தொழிலை அவர் வேறோரிடத்திற் செய்தார் எனலாம்.

தென்னாட்டில் முதலில் எழுந்த கதைப்படமும் பாரதத்தையே பற்றியது. 1918ஆம் ஆண்டளவில் ஆர். நடராச முதலியார் சென்னையிற் பிடித்த அப்படத்தின் பெயர் கீசகவதம். 1931ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிற் காளிதாஸ் வெளிவந்து தமிழ்ப்படம் பேசத் தொடங்கியது. 1934ஆம் ஆண்டில் வந்த பவளக்கொடியும், அக்காலத்துப் பிற படங்கள் பலவும், கூத்துக் களரியில் ஊரார் கண்டு பழகிய கதைகளே. கருவி புதிது, கதை பழையது. ஆதலினாலேயே அக்கருவி விரைவில் ஊரோடு ஒன்றிற்று.

டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட டெண்டுக் கொட்டகை, கீற்று வேய்ந்தும் துணி கட்டியும் அமைக்கப்பட்டது. படக்கருவி ஒன்றேயாதலின் சுருள் மாற்றுந்தோறும் இடைவேளை விடப்படும். கூம்பு ஒலிபெருக்கியில் பக்திப்பாட்டு ஒலித்தால், காட்சி தொடங்கப்போகின்றது என்று அயலூரார் நடையை விரைவுபடுத்துவர். தரை, பெஞ்சு, நாற்காலி என மூவகைச் சீட்டுகள் உண்டு. பெண்டிர்க்கு ஒரு பக்கம் தனியே விடப்படும். தரைச்சீட்டில் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மேல் அமர்வது சிறுவரின் சூழ்ச்சி.

இம்மணற்றரையை எளிதிற் கடந்து செல்லுதல் கூடாது. கொட்டகையில் இருக்கையை முடிவு செய்தது காசேயன்றிப் பிறப்பன்று. தரைச்சீட்டுக்குரிய காசைக் கொடுத்தவன் எத்தெருவிலிருந்து வந்தவன் என்று சீட்டுக் கொடுப்போன் வினவுவதில்லை. தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து காணத்தக்க முதல் அரங்கு திரைப்படக் கொட்டகையே என்பது ஈழத்துப் பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அவர்களின் ஆராய்ச்சி முடிபு. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுள் ஒடுக்கப்பட்டோர் அழைத்துச் செல்லப்பட்டது 1939ஆம் ஆண்டில். சென்னை மாகாணத்திற் கோயில் நுழைவுச் சட்டம் நிறைவேறியது 1947ஆம் ஆண்டில். அதற்கு முன்பே மணற்றரையில் அவர்களும் ஏனையோரும் அருகருகே அமர்ந்து ஒரே காட்சிக்கு அழுதனர். அறிவுரையால் ஆகாத காரியத்தைக் காசு ஒருபுறம் செய்தது. நாற்காலிக்கும் தரைக்கும் இடையே வேறோர் ஏற்றத்தாழ்வு தோன்றியதும் மெய்யே. எனினும் அஃது ஒருவன் தன் உழைப்பாற் கடக்கக்கூடியது.

சாதிச் சங்கத்து வெளியீடொன்றில் இதனை எழுதுதல் பொருந்துமோ என வினவுவாரும் இருக்கலாம். பொருந்தும் என்பதே எம் துணிபு. தம் குடியின் பெருமையை மட்டும் எழுதிக்கொள்ளுதல் மெய்க்கீர்த்தி; தம் குடி எவரை எட்ட நிறுத்தியது என்பதையும் எழுதுதல் வரலாறு.

வானொலியும் ஒலிபெருக்கியும்

1924ஆம் ஆண்டிற் சென்னை மாகாண ரேடியோ கிளப் ஒலிபரப்பைத் தொடங்கியது. பொருளின்மையால் 1927ஆம் ஆண்டில் அது நின்றுபோக, 1930ஆம் ஆண்டிற் சென்னை நகராண்மைக் கழகம் அப்பணியை மேற்கொண்டு, கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கிகளை நிறுவியது. அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் 1938ஆம் ஆண்டு சூன் 16ஆம் நாளிலும், திருச்சி நிலையம் 1939ஆம் ஆண்டிலும் தோன்றின. விடுதலைக்குப் பின்னர் ஊராட்சி அலுவலகங்களில் வானொலிப் பெட்டியும் கூம்பும் அமைந்தன. மாலைப்பொழுதில் ஊர்மக்கள் அவற்றைச் சூழ்ந்தமர்ந்து செய்தியும் பாட்டும் கேட்டனர்.

கேளிக்கைக்கு வந்த கருவி தொழிலுக்கும் துணையாயிற்று. தஞ்சைப் பகுதியில் 1960களின் பிற்பகுதியில் வானொலி வழியாகப் பரவிய ஆடுதுறை 27 என்னும் நெல்லை உழவர் ரேடியோ நெல் என்றே அழைத்தனர். 1947ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்க நாட்டிற் கண்டறியப்பட்ட டிரான்சிஸ்டர் என்னும் சிறு பொருளால் வானொலி கையடக்கமாயிற்று. நம் கடற்கரையில் இலங்கை வானொலியின் தமிழ்ப்பாட்டைக் கேட்டவர்கள், அதே பெட்டியிற் காற்றும் கடலும் குறித்து மீனவர்க்குக் கூறப்படும் எச்சரிக்கையையும் கேட்டனர்.

ஒலிபெருக்கியின் பயனை இக்கடற்கரை மறத்தல் இயலாது. 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையையும் தாக்கியது. அன்று காலை, புதுச்சேரியை அடுத்த நல்லவாடு என்னும் மீனவர் ஊரைச் சேர்ந்த ஒருவர், தாம் இருந்த சிங்கப்பூரிற் செய்தியறிந்து தொலைபேசியில் ஊருக்கு எச்சரிக்கை அனுப்பினார். அவ்வூரின் அறிவு மையத்தில் மீன்வளமும் அலையின் உயரமும் அறிவித்தற்கென வைத்திருந்த ஒலிபெருக்கியில் உடனே அச்செய்தி கூறப்பட்டது. மக்கள் ஓடி உயிர் தப்பினர். ஒவ்வொருவரும் தனித்தனியே கேட்கும் கருவியாக இருந்திருப்பின், ஒரே நொடியில் ஓர் ஊரை எழுப்புதல் அரிதாகியிருக்கும்.

இதே ஒலிபெருக்கி கூத்தையும் மாற்றியது. தீவட்டியினிடத்தைப் பெட்ரோமாக்சு விளக்கும், அதனிடத்தை மின்விளக்கும் கொண்டன. மைக்கு தொங்கவிடப்பட்டபின், களரியெங்கும் சுழன்றாடிய வேடதாரி அதனடியிலேயே நின்று பாடத் தலைப்பட்டார். 2000ஆம் ஆண்டின் ஒலிமாசு விதிகள் இரவு 10 மணி முதற் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைத் தடுத்தபோது, மைக்குக்குப் பழகிய கூத்து பெரிதும் இடர்ப்பட்டது. இன்று முட்டுக்காட்டில் 1996ஆம் ஆண்டு முதல் இயங்கும் தட்சிணசித்ராவிற் பழங்கலைகளைக் கண்டு மகிழ்வோர் பலர். அது போற்றத்தக்க முயற்சியே. எனினும், ஊர் தன் வரியால் ஆடுவித்த கலையை ஊரார் சீட்டு வாங்கிக் காண நேர்ந்தமை எண்ணற்பாலது.

வீட்டுத்திரை

1975ஆம் ஆண்டு ஆகத்து 15ஆம் நாள் சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது. சிற்றூர்களிற் பெட்டி வைத்திருந்தோர் முதலில் மிகச் சிலரே. வெள்ளிக்கிழமை மாலை ஒளியும் ஒலியும் காணவும், 1987ஆம் ஆண்டு முதல் ஞாயிற்றுக்கிழமை காலை இராமாயணம் காணவும், அயலார் அவ்வீட்டுக் கூடத்தில் வந்து நிறைந்தனர். அங்கே பழைய எல்லைக்கோடு மீண்டும் தலைகாட்டியது. கொட்டகைத் தரையில் அருகமர்ந்தவன், வீட்டுக் கூடத்துக்குள் அழைக்கப்படாது சன்னலின் வெளியே நின்றான். கொட்டகை பொதுவிடம், கூடமோ ஒருவரின் உடைமை. கருவி எவ்விடத்தில் வைக்கப்படுகின்றது என்பதைப் பொறுத்து அதன் அறமும் மாறுகின்றது.

1993ஆம் ஆண்டிற் சன் தொலைக்காட்சி தோன்றியது. கம்பிவழி அலைவரிசைகள் பெருகின. 2006ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில் தமிழ்நாட்டரசு விலையில்லா வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011ஆம் ஆண்டளவில் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளைச் சென்றடைந்தன. அத்திட்டத்தைக் குறித்துப் பலரும் பலவாறு பேசினர். சன்னலுக்கு வெளியே நின்ற சிறுவனுக்குத் தன் வீட்டிலேயே ஒரு திரை கிடைத்தது என்பதை மட்டும் இவ்வரலாற்றிற் குறிப்போம். வெளியே செல்ல ஒப்புதல் பெறாதிருந்த பெண்டிர் பலர், வீட்டிலிருந்தவாறே உலகச் செய்தியைக் கண்டமையும் அதன் பயனாகும்.

ஆயின், சன்னல் காலியானபோது திண்ணையும் காலியாயிற்று. டெண்டுக் கொட்டகைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மாலையிற் கூடிப் பேசிய முதியோர், தொடர்நாடகம் முடியும்வரை வாய்திறவாதிருக்கக் கற்றனர்.

கைத்திரை

இப்பொழுது நம் கையிலிருப்பது கைப்பேசி. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபின் இணையத்துக்கான செலவு பெரிதும் குறைந்தது. 2020ஆம் ஆண்டிற் கொள்ளைநோயாற் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2019ஆம் ஆண்டில் தொடங்கியிருந்த கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே மாணவர்க்குப் பள்ளிகளாயின. பாடத்தின்பொருட்டு மாணவர் கையிற் கொடுத்த பொறி, பாடம் முடிந்தபின்னும் கையை விட்டு அகலவில்லை என்பதை ஆசிரியராகிய யாம் நாடோறும் வகுப்பிற் காண்கின்றோம்.

உரிமை என்னும் வினாவுக்கு இக்காலத்துக்கு நிகரான விடை முன்னெப்பொழுதும் கிடைத்ததில்லை. நெம்மேலியிலிருந்து ஒரு மாணவி உலகத்தின் எந்த வித்துவானின் பாட்டையும் கேட்கலாம். எவருடைய வாயிலிலும் நிற்க வேண்டுவதில்லை. காண்போராக மட்டும் இருந்தவர், தாமே படம்பிடித்து உலகுக்குக் காட்டுபவராகவும் ஆயினர். இஃது இகழத்தக்கதன்று. ஆனால் உடனிருப்போர் யாவர் என்னும் வினாவுக்கு, ஒருவரும் இலர் என்பதே பெரும்பாலும் விடையாகின்றது. ஒரு வீட்டில் நால்வர் இருப்பின், நான்கு திரை, நான்கு கதை.

தனிமையால் விளையும் கேட்டிற்கு ஒன்றே கூறுவோம். பாரதக் கூத்தில் மக்கள் விரும்பிக் காணும் பகுதிகளுள் ஒன்று சூதும் துகிலுரிதலும். தருமன் நாட்டையும் தம்பியரையும் தன்னையும் மனைவியையும் பணயம் வைத்துத் தோற்பதை ஊர் முழுவதும் விழித்திருந்து கண்டது. தாய் மகனுக்கு அதனைச் சுட்டிக்காட்டினாள். அந்நாளிலும் சூதாடிகள் இருந்தனர்; ஆனால் சூதின் முடிவு ஆண்டுதோறும் எல்லார் கண்முன்னும் ஆடிக் காட்டப்பட்டது. இந்நாளிலோ சூதுக்களமே பொழுதுபோக்கு என்னும் பெயருடன் கைத்திரையிற் புகுந்தது. நள்ளிரவிற் போர்வைக்குள் ஒருவன் தோற்பதை, பக்கத்தில் உறங்கும் மனைவியும் அறியாள். கடன் தலைக்கு மேல் ஏறியபின், சிலர் உயிரையே மாய்த்துக்கொண்டபின், வீட்டார்க்குத் தெரியவந்தது. இணையச் சூதாட்டத்தைத் தடுக்கத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2022ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டம் 2023ஆம் ஆண்டு ஏப்பிரலில் நடைமுறைக்கு வந்தது. 2025ஆம் ஆண்டு ஆகத்தில் நாடாளுமன்றமும் பணம் வைத்தாடும் இணைய ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை இயற்றியது. சட்டம் வேண்டுவதே. ஆயினும், உடனிருந்து கைபிடித்துத் தடுப்பார் இல்லாதவிடத்துச் சட்டம் நெடுந்தொலைவிலேயே நிற்கும்.

செய்யத்தக்கன

மேற்கூறியவற்றாற் போந்த பொருள் இது: ஒவ்வொரு கருவியும் உரிமையை விரித்தது, பெரும்பாலும் உடனிருப்பைச் சுருக்கியது. பழங்காலத்துக்கே மீள்வோம் என்பார் உரிமையை இழப்பர். இக்காலமே போதும் என்பார் உறவை இழப்பர். எட்ட நின்றவன் அருகே வந்ததைக் காத்துக்கொண்டு, அருகிருந்தவர் எட்டப் போனதைச் சீர்செய்வதே அறிவுடைமை.

ஆகவே நம் சங்கத்து அன்பர்களுக்கு மூன்று விண்ணப்பங்கள். முதலாவது, ஆண்டுக்கு ஓர் இரவேனும், பொதுப்பணத்தால் ஊர்தோறும் பாரதக் கூத்து நடத்துக. செய்யாற்றுப் பக்கத்துப் புரிசையிற் கூத்துமரபு இன்றும் போற்றப்படுகின்றது. காஞ்சிபுரத்தை அடுத்து 2002 முதல் 2020 வரை நடந்த கட்டைக்கூத்துக் குருகுலத்திற் பெண்மக்களும் கற்று வேடம் புனைந்தனர். கூத்தர்க்குத் தக்க ஊதியம் அளிக்க. எல்லாத் தெருவினரையும் வீடு தேடிச் சென்று அழைத்து, முன்னாளில் எட்ட நின்றோரின் மக்களை முன்வரிசையில் நம் மக்களோடு கலந்தமரச் செய்க. அவ்வாறு செய்யாத கூத்து நமக்கு வேண்டா.

இரண்டாவது, இரவு உணவுவேளையில் வீட்டார் அனைவரும் கைப்பேசியை ஒரு மாடத்தில் வைத்துவிட்டுக் கூடியிருந்து உண்க. ஒரு படத்தைக் காண்பதாயினும் ஒரே திரையில் ஒருங்கிருந்து காண்க. எவரேனும் சூதில் இழந்தது தெரியின், அவரை இகழாது அருகமர்ந்து கேட்க. இகழ்ச்சிக்கு அஞ்சியே பலர் மறைக்கின்றனர்.

மூன்றாவது, கூத்தையும் டெண்டுக் கொட்டகையையும் ஊராட்சி வானொலியையும் கண்டு கேட்ட முதியோர் இன்னும் நம்மிடை உள்ளனர். பள்ளியிற் பயிலும் பிள்ளைகள் அவர்பால் அமர்ந்து, எந்த இடத்தில் எது நடந்தது, யார் எங்கே அமர்ந்தனர் என்பவற்றைக் கேட்டெழுதுக. கைப்பேசியிற் குரலாகப் பதிவு செய்யினும் நன்றே. அப்பதிவுகளைச் சங்க அலுவலகத்துக்கு அனுப்பின் தொகுத்துத் தர யாம் ஆயத்தமாக உள்ளோம்.

ஓர் ஊரின் வரலாற்றில் இத்தகைய நினைவுகளே முதலில் மறைவன. அவர் உள்ளபோதே கேட்டறிந்து எழுதிவைப்பது நம் கடமை.